கணினித் திரையின் பிழைச்செய்திகள்: ஒரு வரலாற்று நோக்கு

பிழை என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. எழுத்துப்பிழை, சொற்பிழை, சந்திப்பிழை, பொருட்பிழை என நாள்தோறும் சிவப்பு மையால் அதனைச் சுட்டியே நம் காலம் கழிகிறது. மாணவன் நாம் திருத்தித் தந்த ஏட்டைப் பாராமலே பைக்குள் திணித்தால் நமக்குச் சினம் வருகிறது. ஆயின், ஒரு பொறி தன் பிழையைத் தானே எழுதிக் காட்டும்போது நாம் அதனைப் படிக்கின்றோமா? படியாதவருள் ஒருவனாக நானும் இருந்தேன். அதனால் நேர்ந்த இழப்பை முதற்கண் கூறிவிட்டு, பின் வரலாற்றுக்குச் செல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கேலாங்கில் ஒரு லோரோங்கில் குடியிருந்தேன். அவ்வட்டாரத்துத் தமிழ் முதியவர் எண்மரைக் கண்டு, அவர்தம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டு எழுதி வந்தேன். காலாங் எரிவாயு ஆலையில் உழைத்தவர் ஒருவர். கேலாங் சாலையில் மின்கம்பி பற்றி ஓடிய பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுத்தவர் ஒருவர். ஏனையோர் கடைச் சிப்பந்தியராகவும் காவற்காரராகவும் இருந்தவர்கள். எழுதியவற்றை ஒரு கணினியில் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து சேமித்தேன். பொறி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று எண்ணி, வீடு மாறியபோது கையேடுகளைக் கழித்துவிட்டேன். இளமையின் துணிவு அது.

ஒரு நாள் காலை கணினியை இயக்கினேன். கருந்திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வரிகள் இரண்டு வந்து நின்றன. அதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. மும்முறை அணைத்து இயக்கியும் அதே வரிகள். நான் அவற்றைப் பார்த்தேன், படிக்கவில்லை. நெஞ்சு படபடக்க, பொறியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுதுபார்ப்புக் கடைக்கு ஓடினேன். 'என்ன செய்தி வந்தது?' என்று கடைக்காரர் கேட்டார். 'ஏதோ பிழை' என்றேன். இரண்டு நாள் கழித்து, வன்தட்டு முழுவதையும் துடைத்துப் புதிதாக இயங்குதளம் நிறுவப்பட்ட கணினி என் கைக்கு வந்தது. உடன் ஒரு நெகிழ்வட்டையும் தந்து, 'இது உள்ளே கிடந்தது' என்றார். எண்மர் நினைவுகளும் அழிந்துபோயின. அவர்களுள் மூவர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர்.

அந்த நெகிழ்வட்டின் பொருள் எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

தன்னைத் தானே எழுப்பும் பொறி

கணினி தொடங்கும் நேரத்தில் இடருறுவது ஏன்? விடை அதன் பிறப்பிலேயே உள்ளது. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்றுவதற்கு இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொன்றை ஏற்றுவது யார்? 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினிக்கு டேவிட் வீலர் என்பார் 31 கட்டளைகள் கொண்ட சிறு தொடக்க நிரலை அமைத்தார். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் இணைப்பிகளில் அது நிலையாகப் பின்னப்பட்டிருந்தது. விசையை அழுத்தியதும் அந்த 31 கட்டளைகள் நினைவகம் ஏறும். அவை ஏனையவற்றை ஏற்றும். 1952-இல் வெளிவந்த ஐ.பி.எம். 701 கணினியில் 'ஏற்று' என்று பொறித்த ஒரு பொத்தானே இருந்தது. ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற வேடிக்கை இது என்று கருதியே ஆங்கிலத்தார் இதற்கு 'பூட்டிங்' என்று பெயரிட்டனர்.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலும் இம்முறையே வளர்ச்சி பெற்று நின்றது. மின்சாரம் பாய்ந்ததும் செயலி ஒரே ஒரு முகவரியை மட்டும் அறியும். கேலாங் சாலைக்கு வடக்கே ஒற்றைப்படை எண் லோரோங்குகள், தெற்கே இரட்டைப்படை எண் லோரோங்குகள் என்பது நமக்குத் தெரியும். ஊருக்குப் புதியவன் அதனை அறியான். கையிலுள்ள சீட்டில் எழுதிய ஒரே எண்ணைத் தேடிச் செல்வான். செயலியும் அவ்வாறே முதலில் பயாஸ் என்னும் நிலைத்த கட்டளைத் தொகுதியை அடைகிறது. அது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. பின் வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டைப் படிக்கிறது. அங்குள்ள சிறு நிரல் இயங்குதளத்தை அழைத்து வருகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பொறி நின்றுவிடும். அப்போது உதவிக்குறிப்புக் காட்டும் நிரல் எதுவும் ஏறியிராது. ஆகவே தொடக்கப் பிழைச்செய்தி ஓரிரு வரியாக, வறண்ட நடையில் அமைவது இயல்பே.

இவ்வலுவின்மையைத் தீயவரும் அறிந்திருந்தனர். 1986-இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பரவிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் அந்த முதற்கூற்றிலேயே குடிகொண்டது. 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த சி.ஐ.எச். நச்சுநிரலோ வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு பயாஸையும் சிதைக்க முயன்றது. சிதைந்த பொறிகள் ஒரு வரிச் செய்திகூடக் காட்டமாட்டாமல் ஊமையாயின.

எண்ணால் பேசிய காலம்

பொறியின் குறையைப் 'பூச்சி' என்று கூறும் ஆங்கில வழக்கு கணினிக்கு முற்பட்டது. 1878-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே எடிசன் அச்சொல்லை ஆண்டுள்ளார். 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 கணினியின் இணைப்பி ஒன்றில் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பொறியாளர் அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சி உண்மையாகவே அகப்பட்டது இதுவே முதன்முறை என்று நகைச்சுவையாக எழுதி வைத்தனர். இந்நிகழ்ச்சியை நகைச்சுவைக்காகவே பலரும் எடுத்துரைப்பர். ஆசிரியன் நோக்கில் அதன் சிறப்பு வேறு. கண்ட பிழையை நாளும் நேரமும் இட்டு ஏட்டில் பதிந்தார்கள் என்பதே அது.

எட்சாக்கை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், 1949-இல் ஒரு நாள் படிக்கட்டில் நின்றபோது, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று உணர்ந்ததாகத் தம் நினைவுநூலில் குறித்துள்ளார். பொறியைப் படைத்தவரே பிழைக்கு விலக்கல்லர் என்றால், பயன்படுத்தும் நாம் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

அக்காலப் பிழைச்செய்திகள் பெரும்பாலும் எண்களே. அவற்றுள் உலகப் புகழ்பெற்றது 1202. 1969 ஜூலை 20 அன்று, அப்போலோ 11 விண்கலத்தின் நிலவு ஊர்தி தரையிறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணினி இவ்வெண்ணைக் காட்டி எச்சரித்தது. ஆம்ஸ்டிராங்குக்கு அதன் பொருள் தெரியவில்லை. தரையில் ஹூஸ்டன் நிலையத்திலோ, 24 வயதே நிரம்பிய ஜாக் கார்மன் என்னும் இளைஞர் அதன் பொருளை அறிந்திருந்தார். அதற்குச் சில நாள் முன் நடந்த ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கை ஒன்று தோன்ற, பொருள் அறியாத கட்டுப்பாட்டாளர் தேவையின்றிப் பயணத்தைக் கைவிடச் சொல்லிவிட்டனர். அதனால், எல்லா எச்சரிக்கை எண்களையும் அவற்றின் பொருளையும் எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்டது. கார்மன் தம் கைப்பட எழுதிய பட்டியலை மேசைக் கண்ணாடித்தகட்டின் கீழ் வைத்திருந்தார். 1202 என்பது, 'வேலை மிகுந்துவிட்டது. இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு என்னை மறுதொடக்கம் செய்துகொள்கிறேன்' என்று பொருள்படும். தொடரலாம் என்றார் கார்மன், பயணம் தொடர்ந்தது, மனிதன் நிலவில் கால்வைத்தான். ஒத்திகையில் தோற்றவரும் அன்று வென்றவரும் அதே குழுவினரே. இடையில் வந்து சேர்ந்தது ஒரு பட்டியல் மட்டுமே.

எண்ணினும் விந்தையான செய்திகளும் உண்டு. மல்ட்டிக்ஸ் என்னும் பெருங்கணினி இயங்குதளத்தில், ஒருபோதும் நிகழாது என்று கருதிய ஒரு நிலைக்கு, அதன் நிரலர் ஒருவர் விளையாட்டாக இலத்தீன் மொழியில் பிழைச்செய்தி எழுதி வைத்தார். 'இன்று வேருக்கு ஓர் உடன்பிறப்புத் தோன்றினான்' என்பது அதன் பொருள். நிகழாதது ஒரு நாள் நிகழ்ந்தது. எதிரே நின்றவர் இலத்தீன் அறியாது திகைத்தார். யூனிக்ஸைப் படைத்தோரோ மறுகோடிக்குச் சென்றனர். மல்ட்டிக்ஸில் பிழை களையும் பகுதியே பாதியளவு என்று நண்பர் ஒருவர் வியந்தபோது, நாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டோம், பெரும்பிழை நேர்ந்தால் பொறி நின்றுவிடும், கூடத்தில் உள்ளவரைக் கூவி அழைத்து மறுபடி இயக்கச் சொல்வோம் என்றாராம் டென்னிஸ் ரிட்சி. கூடத்தில் அறிஞர் நிறைந்த ஆய்வகத்துக்கு அது போதும். வீட்டில் தனியே இருப்பவர் யாரைக் கூவி அழைப்பார்?

வீட்டுக்கு வந்த பொறி

அவ்வினா எழுந்தது 1980-களில். ஐ.பி.எம். தனியாள் கணினி தொடங்குகையில் ஒரு சிறு ஒலி எழுந்தால் நலம். ஒரு நீண்ட ஒலியும் இரு குற்றொலியும் எழுந்தால் திரை இணைப்பில் குறை. குறிலும் நெடிலும் கற்பிக்கும் நமக்கு இம்முறை விளங்காததன்று. திரையில் 301 என்றால் விசைப்பலகைக் கோளாறு. 1701 என்றால் வன்தட்டுக் கோளாறு. 1984-இல் வந்த மெக்கின்டாஷ், எண்ணுக்குத் துணையாகப் படத்தையும் சேர்த்தது. சூசன் கேர் என்னும் ஓவியர் திரி எரியும் வெடிகுண்டு ஒன்றை வரைந்தார். அதனைப் பொதுமக்கள் காணவே மாட்டார்கள் என்று அவரிடம் கூறியிருந்தனராம். மக்கள் அதனை மிகுதியாகவே கண்டு அஞ்சினர்.

சொற்களும் அச்சுறுத்தின. 1995-இல் வந்த விண்டோஸ், ஒரு நிரல் தடுமாறினால், அது 'சட்டவிரோதச் செயல்' புரிந்துவிட்டதாக அறிவிக்கும். செயலி ஏற்காத கட்டளை என்பதே பொறியாளர் கருத்து. தாம் ஏதோ குற்றம் இழைத்துவிட்டதாக அஞ்சிய முதியோரை நான் அறிவேன். கலைச்சொல் ஒன்றைப் பொதுமக்கள் முன் வைக்கும்போது அதன் உலகவழக்குப் பொருளையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நீலத்திரையின் கதையும் இங்கே கூறத்தக்கது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. இயங்குதளத்தில், மீள முடியாத பிழை நேர்ந்தால் நீலப் பின்னணியில் வெண்ணிற எழுத்துகள் தோன்றின. அதனை எழுதிய ஜான் வெர்ட், தாம் பயன்படுத்திய கணினியின் தொடக்கத் திரையும் தம் எழுதுகருவியும் அந்நிறத்தினவாக இருந்ததே காரணம் என்று பின்னர் விளக்கினார். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டியபோது, பில் கேட்ஸ் கண்ணெதிரிலேயே அந்நீலத்திரை தோன்றி அவையோரைச் சிரிக்க வைத்தது. 2012-இல் விண்டோஸ் 8 அதில் ஒரு சோகமுகத்தைச் சேர்த்தது. 2025-இல் நீலத்தைக் கருமையாக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. நிறம் எதுவாயினும், அதில் உள்ள பிழைப் பெயரே நமக்கு வேண்டுவது. மருத்துவர் பார்ப்பது நோய்க்குறியையே. நோயாளியின் சட்டை நிறத்தை அன்று.

நம் நாட்டில்

சிங்கப்பூரில் தேசியக் கணினி வாரியம் 1981-இல் அமைந்தது. 1997-இல் கல்வி அமைச்சு, பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை வகுத்து, 2002-க்குள் இரு மாணவர்க்கு ஒரு கணினி என்னும் இலக்கை வைத்தது. தமிழும் பின்தங்கவில்லை. 1995 அக்டோபரில், எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தன. 1997-இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது.

ஆயினும் அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரு தனிக் குறியீட்டு முறை. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துகள் நிரம்பும். அது பிழை என்று சொல்லாமலே காட்டிய பிழை. ஒருங்குறி பரவிய பின்னரே அவ்வல்லல் தீர்ந்தது. நம் மொழிக் குடும்பத்தின் எழுத்துகளைப் பொறியாளர் முழுதும் சோதியாமையால் வரும் கேட்டுக்கு 2018 பிப்ரவரியில் ஒரு சான்று கிடைத்தது. 'ஜ்ஞா' என்னும் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஐபோனுக்கு வந்தால் நிரல்கள் நிலைகுலைந்தன. அறிவிப்பாக வந்தபோது சில கருவிகள் தொடங்குவதும் வீழ்வதுமாகச் சுழன்றன. அம்மாதமே ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் எழுதும் ஒரு மொழியின் ஓர் எழுத்து, ஒரு பொறிக்கு நஞ்சாயிற்று.

2024-ஆம் ஆண்டு இருமுறை நமக்குப் பாடம் கற்பித்தது. ஜூலை 19 நண்பகல் கடந்து சில நிமிடங்களில், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் தந்தவையோ 20. இல்லாத இருபத்தொன்றாவதை நாடிய பொறி நிலைகுலைந்தது. அந்நிரல் தொடக்கத்திலேயே ஏறுவதாகலின், மறுதொடக்கம் செய்தாலும் மீண்டும் வீழ்ந்தது. நிறுவனம் 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. வீழ்ந்த பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் கையால் நீக்க வேண்டியதாயிற்று. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையெழுத்து முறையில் பதிவு செய்தன.

அடுத்த மாதம் 4-ஆம் நாள் நேர்ந்தது நம் வகுப்பறைகளையே தொட்டது. மாணவர் கருவிகளை மேலாளும் மொபைல் கார்டியன் என்னும் செயலி தாக்கப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவரின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. கருவிகள் மீண்டும் இயங்கின. ஆனால் வேறிடத்தில் படியெடுத்து வைக்காத குறிப்புகள் மீளவில்லை. செய்தித்தாளில் அதனைப் படித்த காலையில் எனக்கு 1996 நினைவுக்கு வந்தது.

நாம் கற்பிக்க வேண்டுவது

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள், பள்ளிக் கணினி அறையில் என் பழைய இரு வரிகளையே மீண்டும் கண்டேன். உதவியாளர் ஒன்றும் பேசாமல் பொறியின் முகப்பிலிருந்த பொத்தானை அழுத்தி, மறந்து விடப்பட்ட நெகிழ்வட்டை வெளியே எடுத்தார். ஒரு விசையைத் தட்டினார். கணினி இயங்கியது. அப்போதுதான் அவ்வரிகளைப் படித்தேன்: இவ்வட்டில் இயங்குதளம் இல்லை, இதனை மாற்றிவிட்டு ஒரு விசையை அழுத்துக. அவ்வளவே. அக்காலக் கணினி, வன்தட்டுக்கு முன் நெகிழ்வட்டையே நாடும். என் வன்தட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை. நீக்க வேண்டியதை நீக்கியிருந்தால் எண்மரும் பிழைத்திருப்பர்.

எனக்கு அந்த ஆங்கிலம் தெரியாததன்று. அச்சம் கண்ணை மறைத்தது. ஆகவே, பிழைச்செய்திகள் தமிழில் வருதல் நன்று என்பதோடு நான் நிறுத்தமாட்டேன். அவற்றை அமைதியாகப் படிக்கும் பழக்கமும் வேண்டும். அது மொழி வகுப்பின் கடமையே. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் காரணத்தையும் தீர்வையும் வரிசைப்படி தேடச் சொல்கிறது. கணினிக்கும் வரிசை அதுவே.

முதலாவது, திரையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுதல், அல்லது படம் பிடித்தல். இரண்டாவது, வீழ்வதற்கு முன் கடைசியாக மாற்றியது எது என்று எண்ணிப் பார்த்தல். புதிய நிரலோ, புதிய கருவியோ, செருகிய வட்டோ ஆகலாம். மூன்றாவது, புறக்கருவிகளைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பார்த்தல். இயலாவிடின் பாதுகாப்பு முறையில் தொடங்குதல். நான்காவது, எதனையும் துடைக்குமுன் கோப்புகளைப் படியெடுத்தல். பிறரிடம் பொறியைக் கொடுப்பின் இதனை எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுதல். ஐந்தாவது, பொறி நலமாயிருக்கும் நாளிலேயே அரியவற்றை மற்றோரிடத்திலும் வைத்தல். இவ்வைந்தனுள் கணினிக் கல்வி வேண்டுவது மூன்றாவது ஒன்றுக்கே. ஏனைய நான்கும் படித்தலும் எழுதுதலும் நினைத்தலும் காத்தலுமே.

வகுப்பிலும் இதனைப் பயிற்சியாக்கலாம். ஓர் ஆங்கிலப் பிழைச்செய்தியைக் கொடுத்து, என்ன நேர்ந்தது, எது சேதமின்றி உள்ளது, அடுத்துச் செய்ய வேண்டுவது யாது என்னும் மூன்றும் விளங்க, தம் பாட்டியார்க்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லலாம். இப்பயிற்சியில் மாணவர் காட்டும் ஆர்வத்தைக் கண்டிருக்கிறேன்.

இனி அந்த நெகிழ்வட்டு. பல ஆண்டு கழித்துப் பழைய பெட்டியில் அது அகப்பட்டது. திறந்தபோது உரோம எழுத்துக் குப்பையே தெரிந்தது. அந்நாளைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஒருங்குறிக்கு மாற்றினேன். முதல்நாள் இரவு நான் படியெடுக்கத் தொடங்கி, ஒன்றோடு நிறுத்தி, வட்டை எடுக்க மறந்து உறங்கிப்போயிருக்கிறேன். மின்கம்பிப் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுத்த அம்முதியவரின் நினைவுகள் மட்டும் பன்னிரண்டு பக்கங்களாக எஞ்சியுள்ளன. கணினியை நிறுத்திய அதே வட்டுத்தான் அவரைக் காத்தது. இப்போது அப்பக்கங்கள் காகிதத்திலும் உள்ளன; மூன்று இடங்களில்.